பாஸ்தா சொதப்பினால்: எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது

அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஏதோ சரியில்லையே என்று இதைத் திறந்தவர்கள் முன்னுரையை விட்டுவிடுங்கள். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். போகும் முன் ஒரே ஒரு வேலை: பாஸ்தாவை இன்னும் வடிக்கவில்லை என்றால், அந்தக் கலங்கல் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு ஓரமாக வையுங்கள். கீழே வரும் மருந்துகளில் பாதிக்கு அதுதான் தேவைப்படும்.

மற்றவர்களுக்கு: இது சிக்கனமான பாஸ்தாவைப் பற்றியது. இரண்டு பேருக்கு 200 கிராம் உலர்ந்த பாஸ்தா, நாலைந்து தக்காளி, ஐந்தாறு பல் பூண்டு, எண்ணெய், உப்பு, வீட்டில் இருந்தால் ஒரு பிடி சீஸ். அவ்வளவுதான். இப்படிப் பொருள் குறைவான சமையலில் செலவு கையைக் கடிக்காது. ஆனால் தப்பு நடந்தால் அதை மூடி மறைக்கவும் எதுவும் இருக்காது. என் பாஸ்தா எப்போதும் சுமாராக வருவதற்கு மலிவான சாமான்தான் காரணம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வீம்புக்கு விலை கூடிய பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். அதுவும் அதே சுமார். கோளாறு பாக்கெட்டில் இல்லை, நான் தண்ணீரையும் நேரத்தையும் கையாண்ட விதத்தில் இருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். இத்தாலியர்கள் சொல்லும் பழைய கணக்கு, 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. உப்பு எனக்கு அதில் கொஞ்சம் அதிகம்; லிட்டருக்கு 7 கிராமோடு நிறுத்திக்கொள்வேன், அதாவது தூள் உப்பில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். தண்ணீரையும் அவ்வளவு ஊற்றத் தேவையில்லை. முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறுவதாக இருந்தால் 200 கிராமுக்கு ஒன்றேகால் லிட்டர் போதும். எரிபொருள் மிச்சம், தண்ணீரும் நன்றாகக் கலங்கும்.

ஒன்றோடொன்று ஒட்டிப் பிண்டமாகிவிட்டது

எப்போது ஒட்டியது என்று முதலில் பாருங்கள். பாத்திரத்துக்குள்ளேயா, வடித்த பிறகா? இரண்டும் வேறு வேறு நோய்.

பாத்திரத்துக்குள் ஒட்டினால் காரணம் முதல் இரண்டு நிமிடம். பாஸ்தாவின் மேற்பரப்பிலிருக்கும் மாவுச்சத்து வெந்நீர் பட்டதும் உப்பிப் பசையாகிறது. அந்த நேரத்தில் இரண்டு துண்டுகள் அசையாமல் உரசிக்கொண்டு கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். கிளறிவிட்டால் பசை தண்ணீரில் கரைந்து போய்விடும். அப்புறம் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம், இடையில் ஓரிரு முறை கிளறினால் போதும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கொட்டியதும் கைப்பேசியோடு நகர்ந்துவிட்டு, ஏழாவது நிமிடம் வந்து மாங்கு மாங்கென்று கிளறுவோம்.

ஸ்பகெட்டியைக் கட்டாக இறக்கினால் விளக்குமாறு மாதிரி அப்படியே சேர்ந்து நிற்கும். விசிறியாக விரித்துப் போடுங்கள். அரை நிமிடத்தில் நனைந்த பகுதி வளைந்து கொடுக்கும்; கரண்டியின் பின்பக்கத்தால் மெல்ல அழுத்தி மீதியை உள்ளே இறக்கலாம். ஏற்கெனவே ஒட்டிப்போனதை முள்கரண்டியால் கொதிதண்ணீருக்குள் வைத்தே பிரியுங்கள், வெளியே எடுத்தால் பிய்ந்துவிடும். எதற்கும் மசியாத இரண்டு மூன்று கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. அவற்றின் நடுப்பகுதி வேகட்டும் என்று காத்திருந்தால் மற்றதெல்லாம் குழையும்.

தண்ணீரில் எண்ணெய் விட்டால் ஒட்டாது என்கிறார்களே? எண்ணெய் மேலே மிதக்கும், பாஸ்தா அடியில் கிடக்கும். இரண்டும் சந்திப்பது வடிக்கும்போதுதான். அப்போது பாஸ்தாமேல் படியும் எண்ணெய், பிறகு ஊற்றும் சாஸைப் பிடிக்கவிடாமல் வழுக்கிவிடும். எண்ணெய்க்குப் பிடித்த கேடு.

வடித்த பிறகு ஒட்டினால், சாஸ் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை சாஸை முதலில் முடித்துவிட்டு பாஸ்தாவைத் தண்ணீரில் போடுங்கள். சாஸ் எவ்வளவு நேரமும் காத்திருக்கும். இப்போதைக்கு, எடுத்து வைத்த தண்ணீரைச் சூடாக்கி ஒரு கரண்டி ஊற்றிக் குலுக்குங்கள், பெரும்பாலும் பிரிந்துவிடும். வேறு வழியே இல்லாமல் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்றால் மட்டும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டி அகலமான தட்டில் பரப்பலாம். குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள். குளிர்ந்த சாலட் செய்யப் போகிறவர்களுக்கு மட்டும் அந்த அனுமதி.

பொங்கி வழிகிறது

தீயைக் குறையுங்கள், மூடியை எடுங்கள். பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்தும் புரதமும் குமிழிகளை உடையவிடாமல் பிடித்துக்கொள்வதால் வரும் பொங்கல் இது. தண்ணீர் தளதளவென்று குதிக்க வேண்டிய அவசியமே இல்லை. குமிழி நிற்காமல் வந்துகொண்டிருந்தால் வேகும். பாத்திரத்தின் மேல் மரக்கரண்டியைக் குறுக்கே வைக்கும் வித்தை கொஞ்ச நேரம் தாங்கும். அதை நம்பிக் குளிக்கப் போய்விடாதீர்கள்.

ஸ்பகெட்டி பாத்திரத்துக்குள் அடங்கவில்லை

உடைத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இத்தாலியர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் சாப்பிடப் போவது நீங்கள்தானே. உடைத்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: ஒற்றைக் குச்சியின் இரு நுனியையும் பிடித்து வளைத்தால் அது இரண்டாக உடைவதே அபூர்வம், மூன்று நாலு துண்டாகித் தெறிக்கும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனே இதில் மண்டையைக் குடைந்துகொண்டவர். முதல் முறிவில் கிளம்பும் அதிர்வலைதான் மீதித் துண்டுகளை மறுபடி முறிக்கிறது என்று 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வளைப்பதற்கு முன் நன்றாக முறுக்கினால் இரண்டாகவே உடையும் என்று 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பசியோடு நிற்பவருக்கு இதனால் காலணா பயன் இல்லை. ஒரு துணியில் சுற்றி உடைத்தால் துணுக்குகள் அடுப்படியெங்கும் சிதறாது என்பது வேண்டுமானால் பயன்படும்.

வெளியே குழைவு, நடுவில் பச்சை மாவு

ஒரு துண்டை எடுத்து நடுவில் கடித்து, கடித்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பகெட்டி என்றால் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். பென்னே போன்ற குழாய் வகை என்றால் சுவரின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. அது சுண்ணாம்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடமாவது வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் மங்கலாக இருந்தால் சாஸுக்கு மாற்ற அதுதான் பதம். சுத்தமாக மறைந்துவிட்டதா, யோசிக்காமல் வடியுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்தே இந்தப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். சாஸில் போட்டபின் அது மேலும் வேகும் என்பதைப் பாக்கெட்டு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வெளிப்பக்கம் கரைந்து போயும் உள்ளே புள்ளி அப்படியே இருக்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. தண்ணீர் கொதிக்கும் முன்னே போட்டுக் கிளறாமல் விட்டிருப்பீர்கள், அல்லது பாஸ்தா மென்கோதுமை மாவில், அதாவது மைதாவில் செய்தது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலர் பாஸ்தாவில் இருக்க வேண்டியது டியூரம் கோதுமை ரவை. டியூரம் என்பது கடினமான, மஞ்சள் சாயல் கொண்ட கோதுமை. அதன் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு மாவுச்சத்தை உள்ளே பிடித்து வைக்கும். மைதாவில் அந்த வலை தளர்வு. நடு வேகும் முன்பே ஓரம் கரைந்து தண்ணீரில் இறங்கிவிடும், தண்ணீர் கலங்கலைத் தாண்டிக் கூழாகவே போகும். ஊட்டச்சத்துக் கட்டத்தில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் தைரியமாக வாங்கலாம். விலையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மலிவான பாக்கெட்டிலும் டியூரம் இருக்கும், படம் போட்ட அழகான டப்பாவிலும் மைதா இருக்கும். எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

மைதாப் பாஸ்தாதான் கையில் இருக்கிறது என்றால் மட்டும் பழைய கணக்குப்படி தண்ணீரை நிறைய ஊற்றுங்கள், கொதியை மென்மையாக வையுங்கள், கரண்டியைப் போட்டுக் குடையாமல் பாத்திரத்தை ஆட்டிக் கலக்குங்கள். சாஸில் வைத்து வேகவிடும் வேலையும் இதற்கு ஆகாது. முழுக்க வெந்ததும் வடித்து, சூடான சாஸில் ஒரு புரட்டு, அவ்வளவுதான்.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். 2000 மீட்டரில் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். பாக்கெட்டு நேரம் அங்கே செல்லாது, பல்தான் கடிகாரம்.

முழுசாகக் குழைந்துவிட்டது

வெந்ததை வேகாததாக்க முடியாது. ஆனால் திசை மாற்றலாம். குழைந்த பாஸ்தாவை நீர்த்த சாஸில் போட்டால் களியாகிவிடும். எனவே ஈரத்தை மறந்து மொறுமொறுப்பின் பக்கம் போங்கள். வடித்து, தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு, அடி கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் போட்டு, கிளறாமல் விடுங்கள். அடியில் பொன்னிறமாகப் பிடித்ததும் திருப்புங்கள். இரண்டு முட்டையை அடித்து மேலே ஊற்றி அடை மாதிரி எடுத்தால் இன்னும் நல்லது. இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் மிஞ்சிய பாஸ்தாவை வேண்டுமென்றே இப்படிச் செய்து சாப்பிடுகிறார்கள், ஆகவே யாராவது கேட்டால் திட்டமிட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எவ்வளவு சாஸ் போட்டாலும் சப்பென்று இருக்கிறது

தண்ணீரில் உப்பு போட மறந்திருப்பீர்கள், அல்லது பயந்து பயந்து ஒரு சிட்டிகை போட்டிருப்பீர்கள். பாஸ்தா வேகும்போது தன் எடையளவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. 100 கிராம் வெந்தபின் 200 கிராமுக்கு மேல் வரும். அந்தத் தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். பிறகு சாஸில் எவ்வளவு கொட்டினாலும் அது மேல்பூச்சுதான். சாஸ் கரிக்கும், பாஸ்தா சப்பென்று இருக்கும். வடித்தபின் கண்டுபிடித்தால், அரை டம்ளர் கலங்கல் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாஸோடு சேர்த்து பாஸ்தாவை அதிலேயே ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். முழுசும் தீராது, பாதி தீரும்.

உப்பு போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும், சீக்கிரம் வேகும் என்பதை நம்ப வேண்டாம். லிட்டருக்கு 10 கிராம் உப்பு கொதிநிலையை 1 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட உயர்த்தாது. உப்பு ருசிக்குத்தான்.

உப்பு சரி, இருந்தும் எடுப்பாக இல்லையா? பெரும்பாலும் குறைவது புளிப்பு. சில சொட்டு எலுமிச்சைச் சாறு, இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி வினிகர், அடுப்பை அணைத்தபின்.

நேர்மாறாக உப்பு கரித்தால்: உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அது உப்பைத் தேடிப் பிடித்து இழுப்பதில்லை; உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கிறது, அவ்வளவுதான். கூட்டுப் பொருளை அதிகமாக்குவதே வழி. இன்னும் இரண்டு தக்காளி, அல்லது உப்பில்லாமல் வேகவைத்த ஒரு பிடி பாஸ்தா. சாஸுக்கு உப்பைக் கடைசியில் போடுங்கள். கலங்கல் தண்ணீரிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, சுண்டச் சுண்ட அது ஏறிக்கொண்டே போகும்.

சாஸ் தனியே, பாஸ்தா தனியே, அடியில் தண்ணீர்

நான் வருடக்கணக்கில் தின்றது இந்தப் பாஸ்தாவைத்தான். மேலே சிவப்பாகச் சாஸ் ஒரு குவியல். அதற்குக் கீழே வெளுத்து வழுக்கிக்கொண்டு கிடக்கும் பென்னே. தட்டின் விளிம்பில் இளஞ்சிவப்புத் தண்ணீர் ஒரு வட்டம், அதில் எண்ணெய்க் கண்கள் மிதக்கும். சாஸைச் செய்தாயிற்று, பாஸ்தாவை வடித்தாயிற்று, தட்டில் ஒன்றின்மேல் ஒன்றை ஊற்றியாயிற்று. வேறென்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

செய்ய வேண்டியிருந்தது, இரண்டையும் வாணலியில் ஒன்றாக வேகவைப்பது. அதற்கு வேண்டிய பொருளை நான் ஒவ்வொரு முறையும் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. குலுக்கினால் எண்ணெய் சிறு துளிகளாக உடையும், விட்டால் மறுபடி கூடிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரிலிருக்கும் மாவுச்சத்து தண்ணீரைக் கெட்டியாக்கி, அந்தத் துளிகளைக் கூடவிடாமல் அங்கங்கே நிறுத்தி வைக்கிறது. அதனால்தான் க்ரீம் எதுவும் இல்லாமலே சாஸ் வழவழவென்று பாஸ்தாவைப் பூசிக்கொள்கிறது.

செய்முறை இதுதான். சாஸ் அகலமான வாணலியில் சிறு தீயில் இருக்கட்டும். வெள்ளைப் புள்ளி மங்கலாகத் தெரியும் பதத்தில் பாஸ்தாவை அள்ளி நேராக அதில் போடுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீரை உதறித் தள்ள வேண்டாம். கூடவே அரைக் கரண்டி, சுமார் 60 மில்லி, கலங்கல் தண்ணீர். இப்போது தீயைக் கூட்டிப் புரட்டுங்கள். முதல் அரை நிமிடம் எல்லாம் நீர்த்து ஓடும், கெடுத்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கும். விடாதீர்கள். சத்தத்தைக் கவனியுங்கள்: முதலில் சலசலவென்று தண்ணீர்க் கொதி, ஒரு நிமிடம் கழித்து அது கனத்து, பொத் பொத்தென்று வெடிக்கும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரு நொடி நின்று அப்புறம் மெல்ல மூடிக்கொண்டால் பதம் வந்துவிட்டது. இழுத்ததுமே மூடினால் இன்னும் சுண்ட வேண்டும். மூடாமலே நின்று ஓரத்தில் எண்ணெய் பிரிந்து தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள்; இரண்டு மேசைக்கரண்டி கலங்கல் தண்ணீர் விட்டு வேகமாகப் புரட்டினால் திரும்பிவிடும்.

வெறும் பூண்டும் எண்ணெயும் போட்டுச் செய்யும் பாஸ்தாவுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே சாஸ் என்று தனியாக ஒன்று கிடையாது, எண்ணெயும் இந்தத் தண்ணீரும் சேர்ந்ததே சாஸ்.

தண்ணீரைக் கொட்டிவிட்டீர்களா? பரவாயில்லை. அரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விடுங்கள், ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். அடுத்த முறை மறக்காமலிருக்க வடிகட்டிக்குள்ளேயே ஒரு டம்ளரை வைத்துவிடுவது என் பழக்கம். அதை எடுக்காமல் வடிக்க முடியாது.

பாஸ்தாவின் முகத்தையும் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் சாஸ் பிடிப்பு குறைவு. வெண்கல அச்சில் பிழிந்தவை மாவு பூசினாற்போலச் சொரசொரப்பாக இருக்கும், பிடிப்பும் அதிகம், பொதுவாக விலையும் அதிகம். அதற்குச் செலவழிக்க மனமில்லாவிட்டால் வரிவரியான பென்னேயோ திருகலான ஃபியூசில்லியோ வாங்குங்கள்.

தக்காளி சாஸ் புளிக்கிறது

புளிப்பா, பச்சை வாசனையா? நாக்கின் ஓரம் கூசினால் புளிப்பு. மூக்குக்கு இலை வாசம் போல ஏதோ தட்டினால் பச்சை. பச்சை வாசனைக்கு மருந்து நேரம் மட்டும்தான்; அகலமான வாணலியில், மூடாமல், ஓரத்தில் எண்ணெய் கசிந்து நிற்கும்வரை வதக்குங்கள். தக்காளி பேஸ்ட் சேர்ப்பதாக இருந்தால் சாஸ் கொதிக்கும்போது போடாமல், எண்ணெயில் முதலிலேயே போட்டு, பளீர்ச் சிவப்பு செங்கல் நிறமாகும்வரை வதக்கிவிட்டால் அந்தப் பச்சையே வராது.

புளிப்பென்றால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை அதை மறைக்கும். சமையல் சோடா அதை உண்மையிலேயே குறைக்கும்: அரைக் கிலோ தக்காளிக்கு ஒரு சிட்டிகை போதும், குபுக்கென்று நுரைத்து அடங்கும். கை தவறி அதிகம் போட்டால் சோப்பு வாடைதான் மிச்சம். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. வெங்காயத்தை நிதானமாக, நிறம் மாறி இனிக்கும்வரை வதக்கிச் சேர்ப்பது, கடைசியில் ஒரு துண்டு வெண்ணெய். பருவமில்லாத காலத்தில் வெளிறிப்போன தக்காளியோடு மல்லுக்கட்டுவதைவிட டப்பாவில் வரும் முழுத் தக்காளி மேல். பழுத்தபின் பறித்து அடைத்தது அது.

பூண்டு கசக்கிறது

கருகிவிட்டது. எண்ணெயோடு கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனால் வேறு வழி இல்லை. ஒருமுறை, நாலே நாலு துண்டுதான் கறுத்திருக்கிறது, பொறுக்கிவிட்டால் ஆயிற்று என்று அதே எண்ணெயில் அரைக் கிலோ தக்காளியைப் போட்டேன். கசப்பு எண்ணெயில் இறங்கிவிட்டிருந்தது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை மிச்சம் பிடிக்கப் போய் முழுச் சாப்பாடும் போனது.

எண்ணெய் காய்ந்தபின் பூண்டைப் போடாதீர்கள். ஆறிய எண்ணெயிலேயே பூண்டுச் சீவல்களைப் போட்டு, அப்புறம் சிறு தீயில் அடுப்பைப் பற்றவையுங்கள். சீவலைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் வரும், ஓரம் வைக்கோல் நிறமாகும். அந்த நிமிடமே தக்காளியோ ஒரு கரண்டி கலங்கல் தண்ணீரோ ஊற்றிச் சூட்டைத் தணியுங்கள். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால், தீயை அணைத்த பிறகும் எண்ணெயின் சூட்டிலேயே அது பழுப்பைத் தாண்டிவிடும்.

சீஸ் நூலாகவும் கட்டியாகவும் ஆகிவிட்டது

சூடு அதிகம். ஏறக்குறைய 65 டிகிரிக்கு மேல் போனால் சீஸின் புரதங்கள் சுருண்டு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், கொழுப்பு பிரிந்து வெளியே வரும். அப்படி முழுக்கக் கட்டிவிட்டதைக் காப்பாற்றுவது கஷ்டம். வாணலியை இறக்கி, வெதுவெதுப்பான கலங்கல் தண்ணீர் கொஞ்சம் விட்டு மிக்ஸியில் அடித்தால் சில நேரம் சேரும்.

இதை வேலை மெனக்கெட்டு அளந்தே பார்த்திருக்கிறார்கள். சீஸும் மிளகும் மட்டும் போட்டுச் செய்யும் ரோமானியப் பாஸ்தாவை எடுத்துக்கொண்டு, சாஸ் எப்போது கட்டிகட்டுகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் வழவழப்பாக நிற்கும், 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டிவிழும் என்பது முடிவு. வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும், அந்த வருடத்தின் இயற்பியல் பிரிவில், அதற்கே கிடைத்தது. நம் வீட்டுக் கணக்குக்கு, 60 கிராம் சீஸுக்கு அரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளார். நாலு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டு, அதில் சீஸைக் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்து பாஸ்தாவோடு சேருங்கள்.

சீஸ் கட்டியாக வாங்கித் தூளாகத் துருவுங்கள். முன்பே துருவி விற்பதில் துருவல்கள் ஒட்டாமலிருக்க ஏதாவது ஒரு தூள் பூசியிருப்பார்கள். சிலவற்றில் அது செல்லுலோஸ், உருகும்போது நறநறப்பாகத் தெரியும். கெட்டிச் சீஸின் காய்ந்த அடிப்பகுதியை எறியாதீர்கள், தக்காளி சாஸ் கொதிக்கும்போது உள்ளே போட்டு எடுத்தால் அதிலிருக்கும் ருசியெல்லாம் இறங்கும்.

வெள்ளை சாஸில் கட்டி, அல்லது பால் திரிந்துவிட்டது

கட்டியா, வடிகட்டியில் தேய்த்து எடுங்கள், தீர்ந்தது. அடுத்த முறை வெண்ணெயும் மைதாவும் சம எடை, 20 கிராமுக்கு 20 கிராம். பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் வறுத்து, 300 மில்லி பாலைக் கால் கால் டம்ளராக விட்டு, ஒவ்வொரு முறையும் கட்டியில்லாமல் கலந்தபின்னே அடுத்ததை ஊற்றுங்கள்.

திரிந்தது வேறு கதை. கொதிக்கும் தக்காளியில் நேராகப் பாலை ஊற்றியிருப்பீர்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் புரதம் திரளும். அதைத் திருப்ப முடியாது, தின்னலாம். பாலுக்குப் பதில் கொழுப்பு கூடிய க்ரீம் என்றால் திரிவது அரிது. பால்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன வெள்ளை சாஸாக முதலில் காய்ச்சிவிட்டு, அடுப்பை அணைத்த தக்காளி சாஸில் கலக்குங்கள்.

தட்டில் போட்டதும் இறுகிவிடுகிறது

வாணலியில் சரியான பதத்தில் இருந்தது, உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் சிமெண்ட். பாஸ்தா தட்டிலும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, ஆற ஆற மாவுச்சத்தும் கெட்டிப்படுகிறது. எனவே வாணலியிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் நெகிழ்வாக, இன்னும் சற்றுச் சுண்டலாமே என்று தோன்றும் நிலையில் இறக்குங்கள். தட்டில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கித் துடைத்துவிட்டுப் பரிமாறினால் இன்னும் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்தபின் கலப்பது எல்லாவற்றையும்விட உத்தமம்.

சீஸ் இல்லை, மொட்டையாக இருக்கிறது

பழைய ரொட்டி இருக்கிறதா? உதிர்த்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பூண்டோடு மொறுமொறுவென்று வறுத்து, சாப்பிடும் நேரத்தில் மேலே தூவுங்கள். தெற்கு இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் இதைத்தான் செய்தார்கள். எனக்குச் சீஸைவிட இது பிடிக்கும், அந்த மொறுமொறுப்புக்காகவே. வயிறு நிறையவில்லை என்பதுதான் குறை என்றால் வெந்த கொண்டைக்கடலை ஒரு டம்ளரை எடுத்து, பாதியை மசித்துச் சாஸில் கரைத்து, மீதியை முழுசாகப் போடுங்கள். கெட்டிக்குக் கெட்டி, புரதத்துக்குப் புரதம்.

மிச்சம் வைத்தது மறுநாள் கல்லாகிவிட்டது

முதலில் பாதுகாப்பு. வெந்த பாஸ்தாவை இரவெல்லாம் அடுப்படியில் விட்டுவைத்துக் காலையில் சுடவைத்துச் சாப்பிடாதீர்கள். மாவுச்சத்துள்ள உணவு வெளியே கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது உண்டாக்கும் ஒரு வகை நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

ஃபிரிட்ஜில் இறுகுவது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்கிறது, சூடு பட்டால் இளகும். காயவைத்த வாணலியில் வெறுமனே போட்டால் அடிப்பிடிக்கும், உள்ளே சில்லென்று இருக்கும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் ஆவி கட்டவிட்டு, அப்புறம் திறந்து புரட்டுங்கள். நான் இப்போதெல்லாம் மிச்சத்தை டப்பாவில் அடைக்கும்போதே, டம்ளரில் மீந்திருக்கும் கலங்கல் தண்ணீரையும் அதன்மேல் ஊற்றித்தான் மூடுகிறேன்.